தண்ணீர் தெளிவாக இருந்தால் போதுமா?

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை.

எங்கள் குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் குளித்துவிட்டு ஏறினால் கண் சிவந்து எரிகிறது, குளோரின் நெடி வேறு மூக்கைத் துளைக்கிறது. பராமரிக்க வருகிற தம்பி ஒரு வாரம் குளோரின் போடாமல் விடலாம் என்கிறார். விடலாமா?
வாசகி, கோவை

விட்டுவிடாதீர்கள், அம்மா. அந்த நெடி பெரும்பாலும் குளோரின் கூடிப்போனதால் வருவதில்லை, பற்றாமல் போனதால் வருவது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் உண்டாகும், கண்ணை எரிப்பதும் நாறுவதும் அதுதான். அதை உடைக்க இன்னும் கொஞ்சம் குளோரின் வேண்டும். அதனால்தான் குளத்தில் இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டு ஒரு குளியல், குழந்தைகள் என்றால் கட்டாயம் கழிவறை போய்வரவேண்டும் என்று நான் ஓயாமல் சொல்கிறேன்.

சோதிக்கும் கிட் எது என்று பாருங்கள். சொட்டு விட்டதும் மஞ்சளாக மாறுகிற மலிவான கிட், குளோரமினாகிக் கெட்டுப்போன குளோரினையும் சேர்த்தே கணக்குக் காட்டும். இளஞ்சிவப்பாக மாறுகிற டிபிடி கிட் வாங்குங்கள், அதுதான் வேலை செய்யத் தயாராக இருக்கும் குளோரினைத் தனியாகச் சொல்லும். முழங்கை ஆழத்தில், தண்ணீர் உள்ளே வந்து விழும் குழாயிலிருந்து தள்ளி எடுத்துப் பாருங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7.2 முதல் 7.8 இருக்கவேண்டும். பி.எச். 7.5-ல் இருந்தால் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும், 8-க்கு ஏறினால் கால்வாசிதான். போட்ட மருந்து போதவில்லை என்று நாம் புலம்புவது பாதி நேரம் பி.எச். ஏறிப்போனதால்தான்.

மழைக்குப் பிறகு குளம் முழுக்கப் பச்சையாகிவிட்டது. இரண்டு நாளாக மத்தியானம் மத்தியானம் ப்ளீச்சிங் பவுடர் கொட்டுகிறேன், அசையவில்லை. மயில்துத்தம் போடச் சொல்கிறார்கள். 20 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழம்.
வாசகர், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை

மத்தியானம் போட்டதுதான் தப்பு, சார். வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் கலக்காத வெறும் குளோரினை நம் ஊர் வெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும். பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள்.

உங்கள் குளத்தில் சுமார் 22,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆயிரம் லிட்டருக்கு 1 கிராம் சுத்தக் குளோரின் போட்டால் 1 பிபிஎம், ஆக உங்களுக்கு 23 கிராம். பச்சையை எடுக்க ஒரே தடவையில் 10 பிபிஎம் ஏற்றவேண்டும் என்று வையுங்கள், 65 சதவீதம் குளோரின் உள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரில் 350 கிராம் ஆகிறது. சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் இருந்தாலே பெரிய விஷயம், மூட்டை பழசானால் அதுவும் இருக்காது. முதலில் ஆசிட் விட்டு பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவந்து, பம்பைச் சில மணி நேரம் ஓடவிட்டு நன்றாகக் கலக்கவிடுங்கள். அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கரைத்து (பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்) குளத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். சுவர், படி, ஏணிக்குப் பின்னால் என்று பாசி ஒட்டியிருக்கும் எல்லா இடத்தையும் பிரஷ்ஷால் தேயுங்கள். தேய்க்காத பாசிக்குள் குளோரின் நுழையாது. பம்ப் இரவு பகல் ஓடட்டும். ஃபில்டர் மீட்டரில் அழுத்தம் வழக்கத்தைவிட 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். அடிக் குழாய் மூடி தெளிவாகத் தெரிந்து, குளோரினும் 3-க்கு இறங்கும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது. அடி தெரியாத குளத்தில் ஒருவர் மூழ்கிக் கிடந்தாலும் கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும்தான். ஆனால் அது தாமிரம், சுவரில் கறை பிடிக்கும், தலைமுடிகூடப் பச்சையாகும். வேண்டாம்.

இன்னொன்று, மிதவையில் போடுகிற டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரையையும் இந்தப் பவுடரையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் தொடவே தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரு பண்ணைவீட்டுப் பம்ப் அறையில், மாத்திரை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மக்கால் பவுடரை அள்ளியிருக்கிறார்கள். நான் போனபோது அந்த மக் உருகிக் கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, சுவரில் ஆளுயரத்துக்குக் கரி. அள்ளியவர் வெளியே ஓடியதால் தப்பினார். ஆசிட் கேனும் அதே அறையில் இருக்கக்கூடாது, குளோரினோடு கலந்தால் விஷவாயு.

உப்புத் தண்ணீர்க் குளம் என்றால் குளோரினே இல்லையாமே?
வாசகி, திருச்சி

இருக்கிறது. அந்தக் கருவி உப்பிலிருந்து குளோரினைத்தான் தயாரிக்கிறது. சோதனை, பி.எச். எல்லாம் அப்படியே உண்டு.

கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததிலிருந்து குளத்தில் இறங்கவே பயமாக இருக்கிறது.
வாசகர், நாகர்கோவில்

2024-லும் 2025-லும் அங்கே குழந்தைகள் உட்படப் பலருக்கு வந்ததால் உங்கள் பயம் நியாயமானது. இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளரும், மூக்கு வழியாக மட்டுமே மூளைக்கு ஏறும், குடித்தால் வராது. குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் இது பிழைப்பது கடினம். கோடையில் பத்து நாள் பூட்டிப் போட்டுவிட்டு வந்து அப்படியே குதிப்பதுதான் ஆபத்து. மோட்டார் ஓட்டி, குளோரின் போட்டு, சோதித்துவிட்டு இறங்குங்கள்.

விடுமுறைக்கு மகள் வீட்டுப் பேரன்கள் வருகிறார்கள், ஒருவனுக்கு 5, சின்னவனுக்கு இரண்டரை. கையில் மாட்டும் காற்று மிதவை வாங்கி வைத்திருக்கிறேன். போதுமா?
பாட்டி, மதுரை

போதாது, அம்மா. அது விளையாட்டுச் சாமான், காற்று இறங்கும், கையிலிருந்து நழுவும். அதைவிட முக்கியம், குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் குளிக்கும் நேரத்தில் அல்ல, குளத்துப் பக்கம் போகிறார்கள் என்று யாரும் நினைக்காத நேரத்தில். தண்ணீரில் ஒரு பந்து மிதந்தால் போதும், சின்னவன் அதை எட்டிப் பிடிக்கக் குனிவான். சத்தம் வராது, கை ஆட்டமாட்டான். அதனால் குளித்து முடித்ததும் மிதக்கிற பொருள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அவர்கள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில், கையில் ஃபோன் இல்லாமல் இருக்கவேண்டும்.

அடியிலிருக்கும் உறிஞ்சு குழாயின் மூடி உடைந்திருந்தால் குளத்தை மூடிவையுங்கள். 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி சுடுநீர்த் தொட்டியின் உறிஞ்சு குழாயில் சிக்கி இறந்தாள், தாயால்கூட இழுத்து எடுக்க முடியவில்லை. அவள் பெயரிலேயே 2007-ல் அங்கே சட்டம் வந்தது. முடியைக் கட்டாமல் பெண்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தூக்கி எடுத்த குழந்தை மூச்சு விடவில்லை என்றால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு மார்பை அழுத்தவேண்டும், அதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இதை ஒரு நாள் மருத்துவமனைப் பயிற்சியில் வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக வேலி. வீட்டுச் சுவரை ஒரு பக்கமாகக் கணக்கில் வைக்காமல் நாலு பக்கமும், குறைந்தது 4 அடி உயரம், ஏறக் கால் வைக்க இடமில்லாத நேர்க்கம்பி. மகள் ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே அந்தக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். தானாக வந்து மூடித் தாழ்ப்பாள் விழவேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே வெல்டரைக் கூப்பிடுங்கள்.