ரெட்டினாஸ்கோப்புக்கு முன்னால் ஒன்றரை முழம் நூல்

கேள்வி: பி.ஆப்டம் (கண் பரிசோதனைப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் ரெட்டினாஸ்கோப்பி, அதாவது கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் கண்டுபிடிக்கும் சோதனையின் பிராக்டிக்கல். லேபில் 40 பேருக்கு 2 ரெட்டினாஸ்கோப்தான். எனக்கு ரிஃப்ளெக்ஸ் (கண்மணியில் திரும்பித் தெரியும் ஒளி) நகர்வதே சரியாகத் தெரியவில்லை. ஹாஸ்டலுக்கு வரும் ஒருவர் பழைய வெளிநாட்டுக் கருவியை 22,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். அப்பா கடன் வாங்கித் தரத் தயார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்பாவுக்கு இன்றே ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இந்த ஹாஸ்டல் வியாபாரிகள் பரீட்சைத் தேதி தெரிந்ததும் வந்துவிடுவார்கள். பெட்டி பளபளவென்று இருக்கும். உள்ளே 3.5 வோல்ட் தலைக்கு 2.5 வோல்ட் கைப்பிடியை மாட்டியிருப்பார்கள். வெளிச்சம் மங்கலாகத்தான் வரும். ஸ்லீவை (ஒளிக்கோட்டைச் சுழற்றும் வளையம்) திருப்பினால் கோடு பாதியில் சிக்கும். பல்ப் போனால் அந்த மாடலுக்கு வேறு பல்ப் கிடைக்காது. ஒரு மாணவி வாங்கிவந்த கருவியைப் பார்த்தேன், பார்க்கும் துளையின் ஓரத்தில் பூஞ்சை. தெரிந்த கருநிழலைக் கண்புரை என்று நினைத்து, இரண்டு வாரம் நோட்டில் எழுதிவைத்திருந்தாள். தயவுசெய்து அந்த ஆளிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ரிஃப்ளெக்ஸ் தெரியாததற்கு உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அறையை நன்றாக இருட்டாக்குங்கள். எதிரில் இருப்பவர் உங்கள் விளக்கைப் பார்க்கக் கூடாது, தூரத்து எழுத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தலை அதை மறைக்கவும் கூடாது. அப்படியும் மங்கலாக, மெதுவாக நகர்ந்தால் பவர் அதிகம் என்று அர்த்தம். பிளஸ் 5, மைனஸ் 5 லென்ஸ் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எதில் பளிச்சென்று வேகம் பிடிக்கிறதோ, அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்தது தூரம். 66 செ.மீ. நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, ஒரு நுனியை எதிரில் இருப்பவர் போட்டிருக்கும் ட்ரையல் ஃப்ரேமில் (சோதனை லென்ஸ் மாட்டும் கண்ணாடிச் சட்டம்) கட்டுங்கள். மறு நுனி உங்கள் புருவத்தைத் தொட வேண்டும். நகர்வு நிற்கும் லென்ஸின் பவரிலிருந்து இந்தத் தூரத்துக்குத்தான் 1.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) கழிக்கிறோம். பிளஸ் 2.50இல் நகர்வு நின்றால் விடை பிளஸ் 1.00. மைனஸ் 1.00இல் நின்றால் மைனஸ் 2.50, பதற்றத்தில் பாதிப் பேர் இங்கே பிளஸ் 0.50 என்று எழுதுகிறார்கள்.

கை எட்டாதவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. லென்ஸ் மாற்றும் கை ஃப்ரேமுக்கு எட்டாமல் நீங்கள் முன்னால் சாய்ந்தால், தூரம் 50 செ.மீ. ஆகிவிடும். அப்போது கழிக்க வேண்டியது 2.00. சாய்ந்துகொண்டே 1.50 கழித்தால் ஒவ்வொரு கண்ணிலும் அரை டயாப்டர் பிளஸ் கூடிப்போகும். உங்களுக்கு 50தான் வசதி என்றால் நூலையே 50க்கு வெட்டுங்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலிடம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒருநாள் 66, ஒருநாள் 50 என்று மட்டும் மாற்றாதீர்கள். லென்ஸ் போடாமலேயே 66இல் வித் மூவ்மென்ட் (உங்கள் வெளிச்சம் போகும் பக்கமே ரிஃப்ளெக்ஸும் நகர்வது) தெரிந்தால் உடனே தூரப்பார்வை என்று எழுதிவிடாதீர்கள். மைனஸ் 1.00 கண்ணும் அந்தத் தூரத்தில் வித்தாகத்தான் நகரும்.

நாற்பது பேருக்கு இரண்டு கருவியை வைத்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சில் படம் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற முறையை என்னால் பொறுக்க முடியவில்லை. படம் வரைகிற இரண்டு மணி நேரம் டார்க் ரூமைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் நாலு பேராகச் சேர்ந்து, மதிய இடைவேளையில் அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் நாளைக்கு என்பார்கள்.

வீட்டில் ஒரு மாதிரிக் கண் செய்து பழகவும் வழி உண்டு. +20 ட்ரையல் லென்ஸ் ஒன்றை லேபில் கேட்டு வாங்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைக் குழாயில் ஒரு முனையில் பொருத்துங்கள், மறு முனையில் காகிதம். லென்ஸுக்கும் காகிதத்துக்கும் 5 செ.மீ. இருந்தால் பவர் இல்லாத கண். குழாயை இழுத்தால் மைனஸ், உள்ளே தள்ளினால் பிளஸ். கருவி இல்லாத நாளில் இதற்கு முன்னால் நூலைப் பிடித்து உட்கார்ந்து லென்ஸ் மாற்றிப் பழகுங்கள். ஆளைப் பார்க்கும்போது, எதிரில் இருப்பவரின் வலது கண்ணுக்கு உங்கள் வலது கண், வலது கை. இடதுக்கு இடது. பெரும்பாலோர் தடுமாறுவது இடதில்தான், அதனால் தினமும் இடது கண்ணை முதலில் பாருங்கள்.