செம்மரம் என்று நட்டது வேங்கையா?

கேள்வி: தருமபுரிப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண் நிலத்தில் மூன்று வருடம் முன்பு செம்மரம் என்று சொல்லிக் கொடுத்த நாற்றுகளை நட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் பார்த்துவிட்டு இது வேங்கை என்கிறார். ஒரு காம்பில் ஐந்தாறு இலைகள் இருக்கின்றன. பிடுங்கிவிடலாமா?

பதில்: அவர் சொன்னது சரி, உங்களிடம் இருப்பது வேங்கைதான். செம்மரத்தில் ஒரு காம்புக்குப் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள்தான் இருக்கும். அகன்று வட்டமாக இருக்கும். வேங்கையில் ஐந்து முதல் ஏழு வரை, சற்று நீண்டு, நுனியில் லேசாக உள்வாங்கியிருக்கும். சிறு நாற்றில் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டையைக் கீறிச் சிவப்புச் சாறு வந்தால் செம்மரம் என்பார்கள், நம்பாதீர்கள். இரண்டும் ஒரே பேரினம், இரண்டிலும் சிவப்பாகத்தான் வடியும்.

பிடுங்காதீர்கள். செம்மரத்தின் மவுசு வெளிநாட்டுச் சந்தையை நம்பியது. ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். வேங்கையை உள்ளூர் ஆசாரியே கேட்டு வாங்குவார். நிலை, கதவு, வண்டிச் சட்டம், கலப்பை என்று எல்லாவற்றுக்கும் ஆகும். வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் எளிதில் தொடாது. ஒரே குறை, ஈரக்கட்டை மஞ்சள் கறை விடும். அறுத்ததும் வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்தால் சுண்ணாம்பு போச்சு! நிழலில் நன்றாக உலர்த்தியபின் இழைக்கச் சொல்லுங்கள்.

வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழுப்பாகிவிடும். சர்க்கரை நோய்க்கென்று அதைக் குடிக்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். பட்டையில் வடிந்து இறுகும் பிசின் துவர்ப்பு மருந்து. தழையை ஆடு மாடு விரும்பித் தின்னும், அதனால் மரம் தலைக்கு மேல் வளரும்வரை ஆட்டை உள்ளே விடாதீர்கள்.

செம்மண் இதற்கு ஏற்றதுதான், தண்ணீர் மட்டும் தேங்கக்கூடாது. 15 அடிக்கு 15 அடி இடைவெளி போதும். நெருக்கமாக இருந்தால் இப்போது விட்டுவிட்டு, பின்னால் நோஞ்சான் மரங்களைக் கழித்துவிடலாம். பக்கக் கிளைகளைச் சின்னதாக இருக்கும்போதே கவாத்து செய்யுங்கள். தடித்தபின் வெட்டினால் கட்டையில் முடிச்சு விழும், விலை குறையும். நல்ல வைரம் பாய 25 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதல் சில வருடம் உளுந்து, துவரை, கொள்ளு என்று ஊடுபயிர் எடுங்கள். அப்புறம், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், மரத்தைப் பதிந்து வையுங்கள். வெட்டுவதற்கு முன் வனத்துறையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.