கட்டம் கட்டமாக உடையும் படம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவன். அப்பா தொடங்கிய கேபிள் தொழிலைத் திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூரில் நடத்துகிறேன். 620 இணைப்பு இருந்தது, இப்போது 340. எல்லாரையும் ஃபைபருக்கு மாற்றி, ஒரு ஐஎஸ்பியோடு (இணைய சேவை நிறுவனம்) சேர்ந்து இன்டர்நெட்டும் கொடுக்கிறேன். நெட் நன்றாக ஓடுகிறது, ஆனால் நாற்பது வீடுகளில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதனால் கேபிளைக் கைவிட்டு, வீட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் கொடுத்து, எல்லா சேனலையும் என் பெயரில் ஒரு ஆப்பில் விடலாமா என்று யோசிக்கிறேன். டிவியையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்ப்பதில்தான் இனி தொழில் என்கிறார்கள். எந்த பாக்ஸ் வாங்கலாம்? உள்ளூர் விளம்பரத்தில் காசு வருமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஆப் யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வாயிலிருந்து சேனலைப் பிடித்து ஆப்பில் விடுவதற்குப் பெயர் திருட்டு. உங்களுக்குச் சேனல் தரும் பெரிய கேபிள் நிறுவனத்தோடு (எம்எஸ்ஓ) இருக்கும் ஒப்பந்தமும் போகும், வழக்கும் வரும். அப்பா கட்டிக் காத்த பெயரை இப்படிக் கொண்டுபோய்த் தொலைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு வரி. நெட் ஓடுகிறது, நாற்பது வீட்டில் டிவி உடைகிறது, அதனால் கேபிளைக் கைவிடப் போகிறேன். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே இதைப் பற்றித்தான். ஊர் ஊராக ஆபரேட்டர்கள் இதே காரணத்துக்காக, கையில் இருக்கும் நல்ல சொத்தைக் குப்பையில் போடுகிறார்கள். பச்சை கனெக்டரைப் பார்த்து மாட்டத் தெரியாமல் ஒரு தொழிலையே மூடுவதா?

உங்கள் ஃபைபரில் மூன்று ஒளி ஓடுகிறது. நெட் இறங்குவது 1490 நானோமீட்டர் அலைநீளத்தில், ஏறுவது 1310இல். டிவி 1550இல் தனியாக இறங்குகிறது. ஒளிபரப்பும் இணையமும் ஒரே கம்பியில் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. டிவியையும் ஸ்ட்ரீமிங்கையும் சேர்க்க நீங்கள் தேடும் வழி அதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டிவிக்கான ஆம்ப்ளிஃபையர் போர்ட்டில் 19 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் ஒரு 1:8 ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு ஒளியை எட்டாகப் பிரிப்பது, அதற்குப் பிறகு இன்னொரு 1:8. ஒவ்வொன்றும் சுமார் 10.5 டிபி (பலம் எவ்வளவு குறைந்தது என்ற அளவு) தின்னும், இரண்டும் சேர்ந்து 21. நாலு கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒன்று, கனெக்டரும் ஸ்ப்ளைஸும் (ஃபைபரை உருக்கி ஒட்டிய இடம்) சேர்ந்து ஒன்று. வீட்டுக்குப் போய்ச் சேருவது மைனஸ் 4. வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்யூவின் டிவி பகுதி பொதுவாக மைனஸ் 8 வரை ஒழுங்காகப் படம் தரும். சரியாக இருக்கிறது.

அடுத்த சந்தில் நாலு புது வீடு வருகிறது. லைன்மேன் புது ஃபைபர் இழுக்கச் சோம்பல்பட்டு, கடைசியில் ஒரு 1:4 போட்டுவிடுகிறார். இன்னும் 7 டிபி போயிற்று. டிவிக்கு மைனஸ் 11, படம் உடைகிறது. நெட்டோ உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஓஎல்டி கருவியிலிருந்து 4 டிபிஎம்மில் கிளம்பி, அதே வழியில் 23ஐ இழந்து மைனஸ் 19இல் இருந்தது, இப்போது மைனஸ் 26. ஓஎன்யூவின் நெட் பகுதி மைனஸ் 27 வரை தாங்கும். ஆகவே தொங்கிக்கொண்டு ஓடுகிறது. நீங்களும் 'நெட் நன்றாக ஓடுகிறது, கேபிள்தான் சரியில்லை' என்று எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் ஒரே நோய். டிவி முதலில் இருமுகிறது, அவ்வளவுதான். இன்னும் ஒரு டிபி போனால் நெட்டும் படுத்துவிடும்.

ஸ்ப்ளிட்டர் சரியாக இருந்தால் வளைவைப் பாருங்கள். 1550 வளைவில் கசிகிற அளவுக்கு 1310 கசியாது. ஜன்னல் மூலையில் டிராப் கேபிளை (வீட்டுக்குள் வரும் கடைசி ஃபைபர்) மடக்கி ஆணி அடித்த வீட்டில் முதலில் போவது டிவிதான். சாதாரண ஃபைபர் என்றால் 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது.

அடுத்து கனெக்டர். பச்சைத் தலை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. பச்சையை நீலத்தில் சொருகினால் நடுவே காற்று இடைவெளி விழும், சில டிபி அங்கேயே போய்விடும், போதாததற்கு ஒளி திரும்பி அடித்து டிவி சிக்னலைக் கெடுக்கும். டிவி போகும் பாதை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும். பழைய கோஆக்ஸ் காலத்து ஆம்ப்ளிஃபையரை வீட்டுக்குள்ளேயே விட்டு வைத்திருந்தால் அதையும் கழற்றுங்கள். சிக்னல் அதிகமானாலும் படம் உடையத்தான் செய்யும்.

அளப்பதற்கு சாதாரண பவர் மீட்டர் உதவாது. அது எல்லா ஒளியையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், பலமான 1550 மற்றதை மறைத்துவிடும். 1490ஐயும் 1550ஐயும் தனித்தனியாகக் காட்டும் பான் மீட்டர் வாங்குங்கள். பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சின்னப் பகுதி போதும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாவற்றையும் நெட்டிலேயே விட்டால் என்ன ஆகும்? கிரிக்கெட் இறுதிப் போட்டி அன்று உங்கள் ஊரில் 250 டிவி ஓடுகிறது. எச்டிக்கு 6 எம்பிபிஎஸ் வீதம் 1,500 எம்பிபிஎஸ். ஐஎஸ்பி உங்களுக்குத் தருவது ஒரு ஜிபி லிங்க் என்றால் ஆட்டம் சூடு பிடிக்கும்போது மொத்த ஊரும் சுற்றிக்கொண்டு நிற்கும். அதே ஆட்டம் கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரில் (பல சேனல்களைச் சுமக்கும் ஒரு அலைவரிசை), அதன் 38 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மூலையில் போகிறது. ஒருவர் பார்த்தாலும் 340 பேர் பார்த்தாலும் அதே அளவு. ஸ்ட்ரீமிங்கில் ஆறாறு வினாடித் துண்டுகள் மூன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படமே தொடங்கும், அங்கேயே 18 வினாடி தாமதம். பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு உங்கள் வாடிக்கையாளர் வீட்டில் பவுலர் ஓடி வருவார். ஊரே ஒரே நேரத்தில் பார்ப்பது 1550இல் போகட்டும், அவரவர் இஷ்டத்துக்குப் பார்ப்பது 1490இல் போகட்டும். வருமானமும் அப்படிப் பிரித்தால்தான் நிற்கும். டிவி சந்தாவில் என்சிஎஃப் (நெட்வொர்க் கட்டணம்) பங்கு, நெட் பிளானில் ஐஎஸ்பி தரும் பங்கு, இரண்டுக்கும் ஒரே பில், ஒரே லைன்மேன்.

விளம்பரம் கேட்டீர்கள். வரும். ஜெர்மனியில் ஒளிபரப்பு சிக்னலுக்குள்ளேயே ஒரு இணைய முகவரியை வைத்து அனுப்புகிறார்கள். ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் டிவியிலேயே திறக்கும். உங்கள் வாடிக்கையாளரின் பாக்ஸ்களுக்கு அது தெரியாது, ஆனால் திரையின் ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு போட்டால் பாதி வேலை நடக்கும். எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்ற எண்ணை ஜவுளிக்கடைக்காரரிடம் காட்டலாம். உள்ளூர் சேனல் எம்எஸ்ஓவின் பதிவில் நடக்க வேண்டும், 2022 நவம்பர் விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தேர்த் திருவிழா கேபிளில் நேரலையாகப் போகட்டும். நீங்களே எடுத்த படம் என்பதால் பதிவை யூடியூபிலும் போடலாம்.

பாக்ஸ். கேபிள் ட்யூனரும் ஆண்ட்ராய்டும் சேர்ந்த பாக்ஸை எம்எஸ்ஓவிடம் மட்டுமே வாங்குங்கள். கடைத்தெருவில் வாங்கியது உங்கள் சேனலைத் திறக்காது. ராம் 2 ஜிபிக்குக் குறையக் கூடாது. படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டான வைட்வைன் எல்1 தரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், எல்3 என்றால் பல ஓடிடி ஆப்புகளில் எச்டி வராது. வைஃபையை நம்பாமல் ஓஎன்யூவிலிருந்து லேன் வயர் இழுத்துக் கொடுங்கள்.

ஆனால் அந்த நாற்பது வீடுகளை அளக்காமல் ஒரு பாக்ஸும் வாங்காதீர்கள். வீட்டுக்கு இரண்டு எண், 1490இல் எவ்வளவு, 1550இல் எவ்வளவு. எந்த ஸ்ப்ளிட்டரிலிருந்து வருகிறது என்பதையும் பக்கத்தில் குறித்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை வீடுகள் அப்படிக் கடைசியில் போட்ட 1:4களுக்குக் கீழே இருக்கின்றன என்று பார்க்க எனக்கும் ஆசை.