மரம் வெட்டற வேலைக்கு ரேட் எப்படி சொல்றது?

கேள்வி: அண்ணே, தரை வீடுகள்ல (அடுக்குமாடி இல்லாத வீடுகள்ல) மரம் வெட்டற சின்ன கம்பெனி நடத்துறேன். கொட்டேஷன் குடுத்தா 'இன்னொருத்தர் பாதி காசுக்கு செய்றாரே'ங்கறாங்க. ரேட்டைக் குறைக்கவா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: குறைக்காதீங்க தம்பி. லாரி வாடகை, டீசல், செயின்சா, கயிறு, வெளிநாட்டு ஊழியருக்காக அரசாங்கத்துக்கு மாசாமாசம் கட்டற லெவி, இன்சூரன்ஸ், இடி மழையில ஏற முடியாம சும்மா உக்கார்ற நேரம், இதெல்லாம் சேர்த்தாதான் உங்க ஒரு நாள் செலவு தெரியும், அதுக்கு மேலதான் உங்க சம்பளமே.

வாட்ஸ்அப் போட்டோ பாத்து ரேட் சொல்லவே சொல்லாதீங்க, நேர்ல போங்க. வெட்டவெளியில நிக்கிற மாமரம் சீக்கிரம் முடிஞ்சிடும், அதே மரம் பக்கத்து வீட்டு கூரை மேல சாய்ஞ்சிருந்தா ஒவ்வொரு கிளையா கயிறு கட்டி இறக்கணும், கீழ கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும். வெட்டின கட்டைய அள்ளிக் கொட்டறதுக்கு எடைக்கு காசு, பச்சை மரம் பயங்கர கனம், அதைத் தனி வரியா எழுதுங்க. சாங்கி, புக்கிட் தீமா பக்கம் மரப் பாதுகாப்பு வட்டாரம் இருக்கு, அங்க மரத்தோட சுற்றளவு 1 மீட்டருக்கு மேலன்னா தேசிய பூங்காக் கழகத்தோட அனுமதி இல்லாம வெட்டக்கூடாது, அந்த அலைச்சலுக்கும் சார்ஜ் பண்ணுங்க.

பாதி விலைக்காரர்கிட்ட ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு வீட்டுக்காரரையே கேக்கச் சொல்லுங்க. உங்க பாலிசிய கொட்டேஷனோட சேர்த்தே அனுப்புங்க.