மூன்றாம் இலக்க ஜேர்சி

அன்புள்ள ஐயா,

எங்கள் வகுப்பில் ஒரு மாதமாக ஒரே சண்டை. உதைபந்தாட்டத்தில் 10ஆம் இலக்க ஜேர்சி அணிந்தவர்களில் ஆகச் சிறந்தவர் யார்? பெலேயா, மரடோனாவா, மெஸ்ஸியா? நான் மெஸ்ஸி பக்கம். கோல் கணக்கு, கோப்பைக் கணக்கு எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பா மரடோனா என்று அடித்துச் சொல்கிறார். பெரிய வீரர் ஒருவர் விலகியதும் அவருடைய இலக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைப்பது சரியா என்றும் சொல்லுங்கள். இந்த வருடம் எங்கள் பாடசாலை அணியில் எனக்கு 10 கிடைக்கவில்லை. லெப்ட் பெக்கில், அதாவது இடது பின்களத்தில், ஆடச் சொல்லி 3ஐத் தந்தார்கள். இரண்டு கிழமையாக நான் பயிற்சிக்குப் போகவில்லை.

க., கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

வயதில் சின்னவன் என்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புளூமெண்டல் வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் ஆறு பேரின் முதுகில் 10. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. மறுநாள் உன் கடிதம் வந்தது.

கேட்டதற்கு முதலில் பதில். என் கணக்கில் மரடோனா. அதுவரை ஒரு தடவைகூட இத்தாலி லீக்கை வெல்லாத நாப்போலிக் கழகத்தை 1987இலும் 1990இலும் வெல்ல வைத்தவர். அந்தக் கழகம் 2000ஆம் ஆண்டில் 10ஐ அவருக்கென்றே எடுத்து வைத்துவிட்டது. அது சரியா பிழையா என்பது அந்த ஊர்க்காரர் விஷயம். உன் கோல் கணக்கை நான் பார்க்கப் போவதில்லை. வேறு வேறு காலத்தில், வேறு வேறு மைதானத்தில் விழுந்த கோல்களைக் கூட்டிக் கழித்து என்ன காணப் போகிறாய்? அப்பா சொல்வதைக் கொஞ்சம் கேள். அவர் பார்த்துச் சொல்கிறார்.

இப்போது உன் கடைசி மூன்று வரிகளுக்கு வருகிறேன். போகிற போக்கில் எழுதியதுபோல் அவற்றைக் கீழே போட்டிருக்கிறாய். கடிதமே அவற்றுக்காகத்தான் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரிகிறது.

3ஐத் தந்தார்கள் என்று பயிற்சிக்குப் போகாமல் இருக்கிறாயா? வெட்கமாக இல்லையா? அந்த 10 எங்கிருந்து வந்தது என்று தெரியுமா உனக்கு? 1958இல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் பிரேசில் வீரர்களின் பெயர்களை அனுப்பியபோது இலக்கம் போடாமலே அனுப்பிவிட்டது. வேறு யாரோ கைக்கு வந்தபடி இலக்கம் போட்டார்கள். பதினேழு வயதுப் பெலேக்கு 10 விழுந்தது. அதே பட்டியலில் கோல் காப்பாளர் ஜில்மாருக்கு விழுந்தது 3. ஆம், உனக்குத் தந்த அதே 3. கோல் கம்பத்தடியில் அதை முதுகில் போட்டுக்கொண்டு நின்று அவர் உலகக் கோப்பையை வென்றார். 1978 உலகக் கோப்பையில் ஆர்ஜென்டினா அகர வரிசைப்படி இலக்கம் கொடுத்தது. முன்கள வீரர் கெம்பெஸுக்கு 10 வந்தது அப்படித்தான். ஆறு கோல் அடித்தார். 1982இலும் கிட்டத்தட்ட அதே முறைதான். நடுக்கள வீரர் ஆர்டிலெஸ் 1ஐ அணிந்துகொண்டு ஆடினார். இவர்களில் யாராவது ஜேர்சி பிடிக்கவில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டார்களா?

இங்கிலாந்து லீக்கில் முதன்முதலாக முதுகில் இலக்கம் ஏறியது 1928 ஓகஸ்ட் 25. ஆர்சனல், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே ஆட்டம் அன்று அப்படி இலக்கத்தோடு நடந்தவற்றில் ஒன்று. அப்போது இலக்கம் ஆளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. யார் இடது பின்களத்தில் நிற்கிறாரோ அவருக்கு 3. அடுத்த கிழமை இன்னொருவர் நின்றால் அவருக்கு 3. ஆளோடு ஒட்டிய இலக்கம் இங்கிலாந்து லீக்குக்கு 1993இல்தான் வந்தது. உன் பயிற்றுநர் உனக்குத் தந்தது ஒரு இடம், தம்பி. அந்தப் பக்கத்தை நீ பார்த்துக்கொள்வாய் என்று நம்பித் தந்திருக்கிறார்.

3 என்றால் சும்மாவா? இன்டர் மிலானில் ஃபாக்கெட்டி பின்களத்தில் நின்றுகொண்டே லீக்கில் 59 கோல் அடித்தார். அவர் இறந்த 2006இல் அந்தக் கழகம் அவருடைய 3ஐ எடுத்து வைத்தது. அதே நகரத்தில் இன்னொரு கழகம், இன்னொரு 3. ஏசி மிலானின் பாவ்லோ மால்டினி. பதினாறு வயதில் 1985இல் இறங்கினார், 2009 வரை வேறு கழகம் பார்க்கவில்லை. ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். வலது காலால் ஆடுகிறவர் அவர். இடது பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றார், இடது காலையும் பழக்கிக்கொண்டார். 2005இல் இஸ்தான்புல்லில் மிலானும் லிவர்பூலும் ஆடிய ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தவர் அந்த மால்டினி. மிலான் 3-0 என்று முன்னால் நின்றது. அப்புறம் லிவர்பூல் மூன்றையும் திருப்பி அடித்து, பெனால்டியில் கோப்பையையும் கொண்டுபோனது. முப்பத்தாறு வயது மனிதர் கோப்பை இல்லாமல் நடந்து போனார். இரண்டு வருடம் கழித்து அதே லிவர்பூலை வென்று அதே கோப்பையைத் தூக்கினார்.

மால்டினியைவிட எனக்குப் பெரிய மூன்றாம் இலக்கம் ஒருவர் இருக்கிறார். என் அண்ணா.

1980இல் எனக்குப் பத்து வயது. அண்ணா எங்கள் பகுதிக் குழுவுக்கு லெப்ட் பெக். கடையில் இலக்கம் அடிக்கக் காசில்லை. அம்மா பழைய தலையணை உறையை வெட்டி நீல ஜேர்சியில் 3 தைத்தார். வளைவில் துணி சுருங்கி நின்றது. மழை ஆட்டத்தில் சேறு அப்பினால் தூரத்திலிருந்து 8 போலத் தெரியும். அண்ணாவின் செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. இடது கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது மைதானத்தைச் சுற்றி ஓடி மறுபக்கம் போய் நிற்பேன்.

கொம்பனித் தெருக் குழு ஒன்றோடு ஒரு நாள் ஆட்டம். அவர்களிடம் ஒரு விங்கர், காற்றுப் போல ஓடுவான். அண்ணா அவன் காலில் பாயவே இல்லை. உடம்பைச் சற்றுத் திருப்பி, அவனுக்கும் கோலுக்கும் நடுவில் நின்று, கோட்டுப் பக்கமாக வழி விட்டுக்கொண்டே பின்னால் போனார். அவன் வர வர இடம் குறைந்தது. பந்து வெளியே போனது. திரும்ப வந்தான், திரும்பப் போனது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவன் பந்தை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தான். நாங்கள் 1-0 வென்றோம். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணாவிடம் ஒருவரும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீ ஏன் அண்ணா கோல் போடேல்ல?” என்று கேட்டேன்.

“அந்த விங்கர் போட்டவனா?” என்றார்.

அவ்வளவுதான். வழியில் கடையில் எனக்கு ஒரு கிம்புலா பணிஸ் வாங்கித் தந்தார்.

அந்த ஜேர்சி 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு போய்விட்டது. அண்ணா இப்போது டொரொன்டோவில் இருக்கிறார், முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. உன் கடிதத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மெஸ்ஸி, மரடோனா பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பெடியனுக்கு இடது கால் வருமாமோ?” என்று மட்டும் கேட்டார். இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

நாளைக்கே போ. இரண்டு கிழமை வராததற்குப் பயிற்றுநரிடம் மன்னிப்புக் கேள். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நில். 10 கிடைத்த பையனோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அதையும் இன்றோடு விடு. நீ வெளியே எடுத்துக் கொடுக்கும் பந்துதான் அவன் காலுக்குப் போக வேண்டும். வேறு யாரையாவது உன் இடத்தில் போட்டிருந்தால் வெளியே இருந்து காத்திரு, ஆனால் ஒரு பயிற்சியையும் விடாதே.

முதல் ஆட்டம் என்றைக்கு, எந்த மைதானம் என்று எழுது. வருகிறேன். இடது கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். இடைவேளைக்குப் பிறகு மறுபக்கம் பார், அங்கே இருப்பேன்.