உப்பு, கத்தி, ஈரல்: கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) இறைச்சி பற்றிய கேள்விகள்

வீட்டிலேயே உப்பிட்டு இரத்தம் எடுக்க முடியுமா?

முடியும். யூத விதிப்படி இரத்தம் உண்ணக்கூடாது என்பதால்தான் இந்த வேலை. முறைப்படி அறுத்து, தடைசெய்த கொழுப்பும் நரம்பும் நீக்கிய இறைச்சியாக இருக்க வேண்டும். உறைந்திருந்தால் முதலில் முழுதும் இளகட்டும். பிறகு இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் சாதாரண தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். ஈரம் சற்று வடிந்ததும் எல்லாப் பக்கமும் உப்புத் தூவ வேண்டும். கோழி என்றால் வயிற்றுக்குள்ளும். துளையுள்ள தட்டிலோ சாய்வுப் பலகையிலோ ஒரு மணி நேரம் வையுங்கள். கோழியின் வயிற்றுத் திறப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கும். கடைசியில் மூன்று முறை அலசுங்கள்.

பலர் கோட்டைவிடுவது உப்பில்தான். தூள் உப்பு உடனே கரைந்துவிடும், இரத்தத்தை இழுக்காது. நம்மூர்க் கல்லுப்போ பெரிதாக இருந்தால் உருண்டு விழும்; ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள். ஊறவைத்ததை மறந்து 24 மணி நேரம் விட்டுவிட்டால் அது சமைத்ததற்குச் சமம். அந்த இறைச்சி ஆகாது.

அறுத்து நான்கு நாள் ஆன இறைச்சி?

உப்பிடுவதற்கான கெடு அறுத்ததிலிருந்து 72 மணி நேரம். அதற்குள் நன்றாக நனைத்துக் கழுவியிருந்தால் கெடு இன்னொரு 72 மணி நேரம் நீளும். அப்படிச் செய்யவில்லை என்றால் உப்பிட்டுப் பயனில்லை. நெருப்பில் சுடத்தான் வேண்டும்.

ஈரலுக்கு ஏன் தனி விதி?

அதிலுள்ள இரத்தம் உப்புக்கு அடங்காது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கழுவி, லேசாக உப்புத் தூவி, நேரடித் தணலில் சுடுங்கள். வடிவது கீழே தடையின்றி விழ வேண்டும். வாணலியில் வதக்கினால் தன் இரத்தத்திலேயே வேகும்.

அறுக்கும் கத்தியை நகத்தில் தேய்ப்பது எதற்கு?

பிசிறு தேட. ஹலாஃப் எனப்படும் அந்தக் கத்திக்குக் கூர்முனை கிடையாது. அதன் வாயை விரல் சதையிலும் நகத்திலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார் ஷோஹெட் (முறைப்படி அறுப்பவர்). கண்ணுக்குத் தெரியாத பிசிறும் நகத்தில் தட்டும். அறுத்தபின் பிசிறு தென்பட்டால், கடைசிச் சோதனைக்குப் பிறகு அறுத்த கோழிகள் அத்தனையும் தள்ளுபடி. அதனால்தான் அனுபவசாலிகள் அடிக்கடி சோதிக்கிறார்கள். இடையில் நிறுத்துதல், அழுத்துதல், அறுக்கும்போது கத்தி மூடி மறைந்துபோதல், இடம் தவறுதல், மூச்சுக்குழாயோ உணவுக்குழாயோ கிழிதல் என ஐந்து பிழைகளில் எது நேர்ந்தாலும் அறுப்பு செல்லாது.

'கிளாட்' என்றால் கூடுதல் தரமா?

சுவைக்கும் மென்மைக்கும் சம்பந்தமில்லை. மாட்டின் நுரையீரல் ஒட்டுதலின்றி வழவழப்பாக இருந்தது என்பதே பொருள். சோதிப்பவர் முதலில் மார்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். பின் நுரையீரலை வெளியே எடுத்து ஆராய்வார். சந்தேகம் இருந்தால் ஊதி, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். மாட்டில் லேசான ஒட்டுதலை நீக்கி ஏற்கும் சலுகை உண்டு; ஆடு, கன்று இவற்றில் அது இல்லை.

அமெரிக்காவில் கோஷர் பின்தொடைக் கறி அரிதாகத்தானே கிடைக்கிறது?

தொடை நரம்பையும் கொழுப்பையும் பிரிக்க நேரமும் தேர்ந்த கையும் வேண்டும். கட்டுப்படியாகாததால் பெரும்பாலும் பின்பாதியைப் பொதுச் சந்தைக்கு விற்றுவிடுகிறார்கள். இஸ்ரேலில் பிரித்தெடுக்கிறார்கள்.

மீனுக்கு?

துடுப்பும் செதிலும் இருந்தால் போதும். அறுப்புமுறையும் இல்லை, உப்பிடலும் இல்லை.