விமான நிலையத்தில் கரண்ட் போனால்: மைக்ரோகிரிட் கேள்வி பதில்

அவனியாபுரம்: மைக்ரோகிரிட் என்பது பெரிய ஜெனரேட்டர்தானா அண்ணே?
இல்லை தம்பி. சோலார், பேட்டரி, ஜெனரேட்டர், லோடு எல்லாம் ஒரே கண்ட்ரோலரின் கீழ் வர வேண்டும். வெளி லைன் இருந்தால் அதோடு சேர்ந்து ஓடும். போனால் பிரிந்து தனித்தீவாக ஓடும். பிட்ஸ்பர்க் விமான நிலையம் 2021 முதல் ஐந்து எரிவாயு ஜெனரேட்டர்கள், 9,360 சோலார் பேனல்களோடு இப்படி ஓடுகிறது.

திருமங்கலம்: கூரை முழுக்க சோலார் போட்டால் கரண்ட் கட்டிலும் ஓடும்தானே சார்?
ஓடாது. சாதாரண இன்வெர்ட்டர் வெளி லைனின் வோல்டேஜைப் பார்த்துத்தான் நடக்கும். லைன் போன உடனே தானும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது. தானே வோல்டேஜை உருவாக்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும், வெளி லைனைத் துண்டிக்கும் பிரேக்கரும் இருந்தால்தான் தீவு ஓடும்.

பெருங்குடி: பேட்டரி அளவை எப்படிக் கணக்கிடுவது?
முதலில் லோடைப் பிரியுங்கள். ஓடுதள விளக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரம், ரேடார், தீயணைப்புப் பம்ப் ஒரு பக்கம். டெர்மினல் ஏசி, கடைகள் மறுபக்கம். எல்லாம் ஒரே பஸ்பாரில் (மின்சாரம் பிரிந்து போகும் பொதுக் கம்பி) இருந்தால் எவ்வளவு பேட்டரி வாங்கினாலும் பத்தாது.

அவசிய லோடு 500 கிலோவாட், தாங்க வேண்டியது 4 மணி நேரம் என்று வையுங்கள். 2,000 யூனிட். பேட்டரியில் 90 சதவீதம்தான் எடுக்கலாம், வழியில் 5 சதவீதம் இழப்பு: சுமார் 2,340. ஆயுள் முடிவில் பேட்டரியில் 80 சதவீதமே மிஞ்சும், ஆகவே சுமார் 2,925 யூனிட் வாங்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கை விட்டவர்கள்தான் பிற்பாடு தவிக்கிறார்கள். பேட்டரி அறைக்குக் குளிரூட்டல் தனியாக வேண்டும், அதுவும் அவசிய லோடில் சேரும்.

பேனலையும் தாள் கணக்கில் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போகும். 25 டிகிரிக்கு மேல் டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால், 14 சதவீதம் குறையும்.

விருதுநகர்: ஜெனரேட்டரே வோல்டேஜ் தருமே. இவ்வளவு விலை கொடுத்து, தானே வோல்டேஜை உருவாக்கும் அந்த இன்வெர்ட்டர் எதற்கு? கொச்சி விமான நிலையம் டீசலே இல்லாமல் ஓடுகிறதே!
இரண்டு கேள்வி. கொச்சி 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சோலாரோடு முழுவதும் சூரிய மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. ஆனால் பகலில் வெளி லைனுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்குகிற கணக்கு அது. தீவு அல்ல.

ஜெனரேட்டர் வோல்டேஜ் தரும், உண்மை. ஆனால் கிளம்பவே சுமார் 10 வினாடி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 14ஆம் இணைப்பு (விமான நிலைய விதிகள்), கருவி காட்டும் வழியில் இறங்கும் முதல் வகைத் துல்லியத் தரையிறக்கத்துக்கு ஓடுதள விளக்கு 15 வினாடிக்குள் மீள வேண்டும் என்கிறது. பார்வை இன்னும் மங்கலான 2, 3ஆம் வகைகளில் ஓடுதள மையக்கோட்டு விளக்குக்கு 1 வினாடி. அது ஜெனரேட்டரால் மட்டும் முடியாது. அதோடு, பகலில் சோலார் கூடக்கூட ஜெனரேட்டரின் லோடு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். எரியாத டீசல் சைலன்சரில் படியும்.

விருதுநகர்: அப்போ இன்வெர்ட்டரில் குறையே இல்லையா?
இருக்கிறது, அதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. ஷார்ட் சர்க்யூட் ஆனால் வெளி லைன் பல மடங்கு கரண்ட் தரும். இன்வெர்ட்டர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். பழைய செட்டிங்கில் ரிலே (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் துண்டிக்க வைக்கும் கருவி) ட்ரிப் ஆகாது, கேபிள் கருகும். தீவு நிலைக்குத் தனி செட்டிங் வேண்டும், அது தானாக மாற வேண்டும். அதனால் உங்கள் ஜெனரேட்டரும் இருக்கட்டும். பேட்டரி முதல் ஆள், ஜெனரேட்டர் நீண்ட நேரத்துக்கு.

மேலூர்: பேனல் மட்டும் இருந்தால் கரண்ட் கட்டில் ஓடுமா?
திருமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

உசிலம்பட்டி: என் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடலாம்?
இது விமான நிலையப் பகுதி. உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

வாடிப்பட்டி: இரண்டு ஃபீடர் (வெளியிலிருந்து வரும் மின் லைன்) இருந்தாலே போதாதா?
இரண்டும் ஒரே பள்ளத்தில் போனால் அது ஒரே ஃபீடர்தான். அட்லாண்டாவில் 2017 டிசம்பர் 17 அன்று நிலத்தடிச் சுரங்கத்தில் பற்றிய தீ, பிரதான கேபிளோடு மாற்றுக் கேபிளையும் எரித்தது. விமான நிலையம் சுமார் 11 மணி நேரம் இருண்டது. தனித்தனிப் பள்ளம், தனித்தனி அறை, இடையில் தீத்தடுப்புச் சுவர். இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சிலைமான்: சோலாரும் சேர்த்தால் கரண்ட் கட்டில்…
மூன்றாவது தடவை. திருமங்கலம்.

திருப்பரங்குன்றம்: கட்டி முடித்தபின் எப்படிச் சோதிப்பது?
விமானம் வராத நேரம் பார்த்து, முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, உண்மை லோடோடு மெயின் பிரேக்கரைத் திறவுங்கள், அதாவது வெளி லைனைத் துண்டியுங்கள். விளக்கு மீள எத்தனை வினாடி என்று எழுதுங்கள். திரும்ப இணைக்கும்போது வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி, ஃபேஸ் மூன்றும் ஒத்திருந்தால் மட்டுமே பிரேக்கர் மூட வேண்டும். ஒத்திசைவு ரிலே இல்லாமல் கையால் மூடாதீர்கள், ஜெனரேட்டர் ஷாஃப்ட் முறியும். அப்படியே ஒரு நடை போய், இரு கேபிள்களும் எந்த இடத்திலாவது ஒரே பள்ளத்தில் சேருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.